அத்தை ‘அருமை’ என்று சொன்ன படம்

என் வயசுக்காரிகளே, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்போது ஒரு படத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் நீங்கள் யாரைக் கேட்கிறீர்கள்? என் மகள் கைபேசியைத்தான் கேட்கிறாள். முதல் காட்சி முடிவதற்குள் ஆளாளுக்கு நட்சத்திரம் போட்டுவிடுகிறார்கள். ஒருவன் ‘மொக்கை’ என்கிறான், இன்னொருத்தி ‘சூப்பர்’ என்கிறாள். இரண்டு வார்த்தையில் ஒரு படத்தை முடித்துக்கட்டுவதை இவர்கள்தான் கண்டுபிடித்த மாதிரி என்ன அலட்டல்! அட, போங்கப்பா. எழுபதுகளின் கடைசியில், வைகைக்கு வடகரையில், எங்கள் காம்பவுண்டில் என் அத்தை அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தாள். அவள் கடைசியாகக் கருத்துச் சொன்னது ஒரு தீபாவளிப் படத்தைப் பற்றி. ‘அருமை’ என்றாள். அந்த வார்த்தையை யாராவது சொன்னால் இன்றைக்கும் நான் எழுந்து போய்விடுகிறேன்.

காம்பவுண்டு என்றால் உங்களுக்குத் தெரியும். தெருவைப் பார்த்து ஒரே வாசல். உள்ளே எதிரும் புதிருமாக ஓட்டு வீடுகள், நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். அத்தை என் அப்பாவுக்கு அக்கா. பம்பாய்க்கு வேலைக்குப் போன புருஷன் திரும்பி வராததால் தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். முன்னறையில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்தாள். காம்பவுண்டில் சின்னது பெரியது எல்லாருக்கும் அவள் அத்தைதான்.

புதுப் படம் வந்த வெள்ளிக்கிழமையே அவளை மேட்னிக்கு அனுப்பிவைப்பது காம்பவுண்டு வழக்கம். கதாநாயகி போட்டிருக்கும் ஜாக்கெட்டின் கையையும் முதுகையும் பார்த்துவந்து அப்படியே தைத்துத் தர வேண்டும். அதற்காக வந்த வழக்கம்தான். தனியாகப் போனால் ஊர் பேசும் என்று, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடவைத்துத் துணைக்கு என்னை அனுப்புவார்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கிற நான் அம்புட்டுப் பெரிய மனுஷிக்குத் துணையாம்! இதை நம்பித்தான் அன்றைக்கு ஊரே நிம்மதியாக இருந்தது.

சாயங்காலம் குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு நாங்கள் திரும்பிவிடுவோம். பெண்கள் குடத்தோடு காத்திருப்பார்கள். கதை கேட்க மாட்டார்கள், கதை சொன்னால் படம் பார்க்கிற ருசி போய்விடும். “என்னத்தே, எப்படி?” என்பார்கள். அத்தை செருப்பைக் கழற்றிக்கொண்டே ஒரே ஒரு வரி சொல்வாள்.

ஒரு சாமி படத்துக்கு, “அம்மன் வாரதுக்குள்ள நமக்கு அருள் வந்துரும், அம்புட்டு மெதுவு” என்றாள். ஒரு அழுகைப் படத்துக்கு, “முந்தானை பத்தாது, போர்வையைத் தூக்கிட்டுப் போங்கடி.” ஒரு பேய்ப் படத்துக்கு, “பேயி தங்கமான பொண்ணு. அந்த வீட்டுக்காரன் முழிக்கிற முழிதான் ஈரக்கொலை நடுங்குது.” தெலுங்கிலிருந்து வந்த காட்டுப் படம் ஒன்றுக்கு, “புலி நல்லா நடிச்சிருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். குழாயடியே சிரித்து உருண்டது. இன்னொரு தடவை புதுமுகங்கள் நடித்த ஒரு சின்னப் படம் வந்தது. போஸ்டர்கூடச் சரியாக ஒட்டவில்லை. அத்தை கண் சிவந்து வந்து, “போங்க. எதுவும் கேக்காதீக, போங்க” என்றாள். மறுநாள் காம்பவுண்டே போனது, அதற்கு மறுநாள் தெருவே போனது. தூக்கவிருந்த படம் ஓடு ஓடென்று ஓடியது.

பெண்கள் வந்தால்தான் படம் ஓடும் என்பது தியேட்டர்காரர்களுக்குத் தெரியும். ‘தாய்க்குலத்தின் பேராதரவுடன்’ என்று போஸ்டரில் சும்மாவா போட்டார்கள்? தாய்க்குலம் எங்கள் குழாயடியில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தது.

தெருக்கோடியில் இருந்த அந்தத் தியேட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிக்கெட் வாங்கப் பெண்களுக்குத் தனி வழி. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர், மேலே தகரம். இரண்டு பேர் இடித்துக்கொண்டு நிற்கும் அகலம்தான் இருக்கும். நடுவில் ஒரு திருப்பம், திருப்பத்துக்கு அப்பால் டிக்கெட் கொடுக்கும் பொந்து. தெருப் பக்கம் ஒரு இரும்பு கேட். சந்து நிரம்பியதும் காவல்காரர் அந்தக் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். பிறகு முன்னால் போனால்தான் வெளியே வர முடியும். வேர்வையும் மல்லிகைப் பூவும் வெற்றிலை எச்சிலும் கலந்த ஒரு வாடை அதற்குள் எப்போதும் இருக்கும். தரையெல்லாம் உடைந்த வளையல் துண்டுகள். நெரிசலில் கை சுவரில் அடிபட்டு உடைந்தவை. நான் குனிந்து குனிந்து அவற்றைப் பொறுக்குவேன். ஒரு பழைய பவுடர் டப்பா நிறையச் சேர்த்துவைத்திருந்தேன், பச்சை, சிவப்பு, தங்க ரேக்கு போட்டது என்று. எத்தனை பேர் கை நசுங்கினால் ஒரு டப்பா வளையல் சேரும்? அது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. பெரியவர்களுக்கும்தான் ஏறவில்லை. டப்பாவைக் குலுக்கிப் பார்த்து, “பரவால்லயே, நிறையச் சேத்துட்டாளே” என்று மெச்சினார்கள்.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் ஆரம்பித்தது வினை.

எங்கள் தெருவுக்கென்று ஒரு நடிகர் இருந்தார். அதாவது, தெருப் பையன்கள் அவருக்கு ரசிகர் மன்றம் வைத்திருந்தார்கள். அவரைத் ‘தலைவர்’ என்பார்கள். மன்றத்துக்குப் பொறுப்பாக இருந்த அண்ணன் எங்கள் எதிர்வீடு. நல்ல பையன், அத்தை கையால் காப்பி குடித்து வளர்ந்தவன். ஆடியில் தலைவர் படம் வந்தது. அத்தை பார்த்துவிட்டு வந்தாள். குழாயடியில் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம்.

“தலைவரு அடிச்ச அடியில வில்லனுக்கு ஒண்ணும் ஆகலை. உக்காந்து பாத்த எனக்குத்தான் இடுப்பு போச்சு” என்றாள்.

அவ்வளவுதான், வரி ஊரெல்லாம் பரவியது. சந்தையில் சொன்னார்கள், மில் வாசலில் சொன்னார்கள். பெண்கள் பக்கம் காற்று வாங்கியது. படம் பெட்டிக்குள் போய்விட்டது. மன்றத்துப் பையன்கள் சும்மா இருப்பார்களா? காம்பவுண்டு வாசலில் நாலைந்து பேர் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். எதுவும் பேச மாட்டார்கள். அத்தை வெளியே வந்தால் ஒருவன் மட்டும் மெதுவாக விசிலடிப்பான். அவள் தெருமுனை திரும்புகிற வரை அந்த விசில் பின்னாலேயே போகும்.

ஒரு நாள் விடியற்காலை பால் வாங்க அத்தை கதவைத் திறந்தாள். சரக்கென்று ஒரு சத்தம். நான் பாயிலிருந்து எழுந்து பார்த்தேன். இரவோடு இரவாக எங்கள் இரட்டைக் கதவின் மேல் தலைவர் முகம் போட்ட பெரிய போஸ்டரை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். உள்பக்கம் இழுத்துத் திறந்ததும் முகம் நெற்றியிலிருந்து மோவாய் வரை இரண்டாகக் கிழிந்துவிட்டது. ஒரு கதவில் ஒரு கண், மறு கதவில் மறு கண். பசை இன்னும் ஈரமாக வடிந்துகொண்டிருந்தது. எதிர்ச் சுவரோரம் பையன்கள் காத்துக்கொண்டு நின்றார்கள்.

“தலைவர் மூஞ்சியைக் கிழிச்சுட்டா!” என்று ஒருவன் கத்தினான். தெருவில் விளக்குகள் எரிந்தன. கதவைத் திறக்காமல் வெளியே வர முடியாது, திறந்தால் கிழியும். அப்படிக் கணக்குப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள், படுபாவிகள்.

பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. அத்தை தைத்துக் கொடியில் போட்டிருந்த ஜாக்கெட்டுகளை யாரோ பிளேடால் கீறியிருந்தார்கள். துணி கொடுத்தவர்கள் வேறு தையல்காரரிடம் போகத் தொடங்கினார்கள். மிஷின் சத்தம் இல்லாத மத்தியானங்கள் எனக்குப் பயமாக இருந்தன. அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஓட்டின் மேல் காக்கை உட்கார்ந்தால்கூடத் திடுக்கிட்டு எழுவாள்.

புரட்டாசி கடைசியில் எதிர்வீட்டு அண்ணன் சமாதானம் பேச வந்தான். அப்பா மில்லிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

“அத்தே, நான் உங்களுக்கு எதிரியில்ல. பயலுக நான் சொன்னாலும் கேக்க மாட்டேங்குறாங்கெ. மிஷினைத் தூக்கித் தெருவுல போடுவோம்னு நிக்கிறாங்கெ. தீபாவளிக்குத் தலைவர் படம் வருது. நீங்க பாத்துட்டு ஒரே ஒரு நல்ல வார்த்தை சொல்லிருங்க. அம்புட்டுத்தான், அதோட முடிஞ்சிரும்.”

“நல்லா இருந்தா நான் ஏன்டா சொல்லாமப் போறேன், மருமகனே?”

“இல்லாட்டியும் சொல்லுங்க அத்தே.”

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “சொல்லித்தான் தொலையேன்க்கா. ஒரு வார்த்தையில என்ன கொறைஞ்சு போச்சு?”

“பொய்யி சொன்னா நாளைக்கு என்னை எவடா நம்புவா?”

“நம்பாட்டிப் போறாளுக. சினிமாதானக்கா? உசுரா போகப் போகுது?”

அந்த வார்த்தையை அப்பா சாகும்வரை மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அது நியாயமான பேச்சாகத்தான் பட்டது. ஆபத்து வாசலில் நிற்கிற பையன்களிடம் இருக்கிறது என்று எல்லாரும் நம்பினோம். அம்மா குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்தாள். அத்தை சரியென்று தலையாட்டினாள்.

அந்தத் தீபாவளிக்கு எதிர்வீட்டில் இரட்டைக் கொண்டாட்டம். அண்ணனின் தங்கச்சிக்கு வைகாசியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. பேரையூர்ப் பக்கம் வாக்கப்பட்டிருந்தாள். தலைத் தீபாவளிக்குப் புருஷனோடு வந்து இறங்கினாள். அந்த அக்காவுக்குச் சினிமா என்றால் உயிர். கட்டிக்கொடுத்த ஊரில் டூரிங் கொட்டகையில் பழைய படம்தான் போடுவார்களாம், வந்ததும் வராததுமாக மூக்கால் அழுதாள். அவளுக்கு அரக்குக் கலரில் பட்டு ஜாக்கெட், அத்தைதான் தைத்தாள். கை உப்பிக்கொண்டிருக்கிற மாதிரி, புதுப் படத்தில் பார்த்த கை. பல நாளைக்குப் பிறகு மிஷின் ஓடியது. அளவு பார்க்கப் போட்டுக்கொண்டு அந்த அக்கா ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“எப்படித்தே இருக்கேன்?”

“கதாநாயகி தோத்தா போ” என்றாள் அத்தை.

தீபாவளியன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அத்தையும் நானும் முதல் காட்சிக்குப் போனோம். அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. எங்களை உள்ளே தள்ளிக் கேட்டைப் பூட்டினார்கள். பூட்டிய பிறகும் கேட்டுக்கு வெளியே நின்றவர்கள் கம்பி வழியாக முதுகைத் தள்ளினார்கள். திருப்பம் வந்ததும் என் கால் தரையில் இல்லை. முகம் யாருடைய இடுப்பிலோ அழுந்தியது. மூச்சு விட முடியவில்லை. கத்தினேன், என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அத்தை என் அக்குளில் கைகொடுத்துத் தலைக்கு மேல் தூக்கிவிட்டாள். தகரத்தில் என் தலை இடித்தது. மேலிருந்து பார்த்தேன், சந்து முழுக்க ஈரத் தலைகள், பூக்கள், ஒன்றுகூட அசையவில்லை. அத்தையின் முகம் கறுத்துப்போயிருந்தது. எப்படியோ டிக்கெட் வாங்கி உள்ளே போனோம். அவள் புதுச் சேலை முழங்கால் வரை கிழிந்திருந்தது.

படம் முடிந்து வெளியே வந்ததும் அத்தை நேராக மேனேஜரிடம் போனாள். “ஐயா, அந்தக் கேட்டைப் பூட்டாதீக. பொம்பளைக செத்துருவாளுக” என்றாள்.

அவர் நெற்றியில் பெரிய குங்குமம், கையில் அதிரசம். “பூட்டலேன்னா ஊரே உள்ள வந்துரும்மா. வருசா வருசம் நடக்குறதுதான். போங்க, தீபாவளியும் அதுவுமா...” என்று அனுப்பிவிட்டார்.

காம்பவுண்டுக்குள் நுழைந்தோம். குழாயடியில் பெண்கள் மட்டும் இல்லை, அன்றைக்கு ஆண்களும் நின்றார்கள். வாசலில் மன்றத்துப் பையன்கள். எதிர்வீட்டு அண்ணன் படியில் நின்றான். அப்பா அத்தையின் கண்ணையே பார்த்தார்.

“என்னத்தே, எப்படி?” என்றாள் எதிர்வீட்டு அக்கா.

அத்தை செருப்பைக் கழற்றவில்லை. “படம் அருமை” என்றாள்.

அருமை என்கிற வார்த்தை அவள் வாயிலிருந்து அதுவரை வந்ததே இல்லை. பிறகு பையன்கள் விசிலடித்தார்கள், ஒருவன் சட்டையைக் கழற்றிச் சுழற்றினான். அந்த ஆர்ப்பாட்டத்துக்கு நடுவில் அத்தை கையைத் தூக்கிச் சத்தம் போட்டாள். “இருங்கடி, கேளுங்கடி! படம் எங்கிட்டும் போகாது. ரெண்டு வாரம் கழிச்சுப் போங்க. இப்ப அந்தச் சந்துக்குள்ள யாரும் போகாதீக. இந்தப் பிள்ளை செத்துப் பொழைச்சுச்சு.”

சிரித்தார்கள். ஆமாம், சிரித்தார்கள். “பாத்தியா, அத்தை வேலையை! படத்தைக் குறை சொல்ல வழியில்லை, சந்தைக் குறை சொல்லுது” என்றான் அண்ணன். கோபமாகச் சொல்லவில்லை, செல்லமாகத்தான் சொன்னான். பெண்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். நெரிசல் என்ன புதுசா, நல்ல படம் என்றால் நெரிசல் இருக்கத்தானே செய்யும் என்று அம்மாவே சொன்னாள். அத்தை சொன்னது இரண்டு. ஒன்று பொய், ஒன்று நிஜம். ஊரே பொய்யை நம்பியது.

மறுநாள் மேட்னிக்குக் காம்பவுண்டுப் பெண்கள் மொத்தமாகக் கிளம்பினார்கள். பெண்கள் வரிசையில் சீக்கிரம் டிக்கெட் கிடைக்கும் என்பதால் வீட்டு ஆண்களுக்கும் பெண்கள்தான் நின்று வாங்குவார்கள். புது மாப்பிள்ளையைச் சோடாக் கடையில் உட்காரவைத்துவிட்டு எதிர்வீட்டு அக்காதான் வாங்கித்தர வேண்டும். என் அம்மாவும் போனாள். என்னைக் கூப்பிட்டபோது அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “இவ வரமாட்டா” என்றாள். நான் துள்ளினேன். விடவில்லை. எலும்பு நொறுங்குகிற பிடி.

அந்த அக்கா அரக்கு ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கை நிறையக் கண்ணாடி வளையலோடு படியிறங்கினாள். அத்தை வாசல்வரை பின்னாலேயே ஓடினாள்.

“அடியே, நீயாச்சும் கேளுடி. வேணாம்டி.”

“நீங்களே அருமைன்னுட்டீகளே அத்தே! நாளைக்கு ஊருக்குப் போகணும், விட்டா எப்பப் பாப்பேன்?”

அத்தை வாயைத் திறந்தாள். தெருவில் மன்றத்துப் பையன்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அத்தை வாயை மூடிக்கொண்டாள்.

என்ன நடந்தது என்பது எல்லாரும் சொல்லக் கேட்டதுதான். சந்து நிரம்பிக் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். காவல்காரர் சாவியோடு சாப்பிடப் போய்விட்டார். கேட்டுக்கு வெளியே தலைவருக்கு ஆயிரம் வாலாச் சரத்தைக் கொளுத்தினார்கள். வெடி கம்பிக்குள்ளும் சிதறியதாம். கேட்டோரம் நின்ற பெண்கள் பதறி முன்னால் நெருக்க, திருப்பத்தில் நின்றவர்கள் சுவரோடு சுவராக அடைந்துபோனார்கள். பூட்டை உடைத்துத்தான் திறந்தார்கள். அம்மா வெறுங்காலோடு, அவிழ்ந்த கூந்தலோடு வந்து, தண்ணீர் வராத குழாயைத் திறந்து அதன் கீழே உட்கார்ந்துகொண்டாள். பலருக்கு விலா எலும்பு முறிந்தது. எதிர்வீட்டு அக்கா மட்டும் வரவில்லை. கையில் டிக்கெட்டுக்கு எடுத்துப்போன கைக்குட்டை முடிச்சு அவிழாமல் இருந்ததாம்.

சரத்தைக் கொளுத்தியது யார் என்று அண்ணனிடம் யாரும் கேட்கவில்லை. அவன் கைவிரல்களில் கரிமருந்துக் கறை இருந்ததை நான் பார்த்தேன்.

என் பவுடர் டப்பாவை அத்தை கொண்டுபோய் வைகையில் கொட்டிவிட்டாள். நான் அழவில்லை.

காரியம் முடிந்த அன்று அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தான். தாடி வளர்ந்து ஆளே பாதியாகிவிட்டிருந்தான். மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். நான் அத்தையை ஒட்டி நின்றேன். மிஷினின் மிதியைக் கையால் தள்ளிக்கொண்டே கேட்டான்.

“அத்தே, இப்ப யாரும் உங்களை ஒண்ணும் செய்ய மாட்டாங்கெ. நெசத்தைச் சொல்லுங்க. படம் நல்லா இருந்துச்சா?”

அத்தை அவனைப் பார்த்தாள். பிறகு ஒரு பார்வை என்னைப் பார்த்தாள், வாயைத் திறந்தால் கொன்றுவிடுவேன் என்கிற பார்வை. அவன் தலையில் கை வைத்தாள்.

“அருமையான படம்ப்பா. அவ பாத்திருந்தா அவளுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கும்.”

அவன் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதான்.

அதற்கப்புறம் அத்தை தியேட்டர் பக்கம் போகவில்லை. எதைப் பற்றிக் கேட்டாலும் “நல்லாருக்கு” என்பாள். குழம்புக்கும் நல்லாருக்கு, யார் தைத்த ஜாக்கெட்டுக்கும் நல்லாருக்கு. என்னைப் பெண் பார்க்க வந்தவரைப் பற்றி, “நீயாச்சும் ஒரு வார்த்தை நெசமாச் சொல்லுத்தே” என்று கெஞ்சினேன். “நல்லாருக்கார்” என்றாள். அவ்வளவு பெரிய வாய்க்காரியை அப்படி ஆக்கிவிட்டோமே என்று இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அவள் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அண்ணனும் இல்லை. இனிச் சொன்னால் யாருக்கும் வலிக்காது. அந்தப் படத்தைப் பற்றி அவள் ஒரு உண்மையான கருத்தும் சொன்னாள், இடைவேளை விளக்கு எரிந்தபோது, கிழிந்த சேலையை முடிச்சுப் போட்டுக்கொண்டே, என் காதில் மட்டும்.

“ஏ பாப்பா, இதுக்கா இம்புட்டு நெரிசல்?”